முழங்கை

அந்தப் படத்தில் கடலுக்குள் நாற்காலி போட்டு
உட்கார்ந்திருப்பவன் நான்தான்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில்
'ரொசாரி பந்தல், உப்பூர்' என்று வெள்ளை எழுத்து.
சுற்றிலும் தண்ணீர். வேறொன்றுமில்லை.
சிரிக்க அவ்வளவு போதுமாம்.

பாலிடெக்னிக் படிக்கிற அக்கா மகன் பிரிட்டோ
ராத்திரி ஒன்பதுக்குப் போட்டுவிட்டான்.
விடிவதற்குள் நான்
சம்பளம் இருபத்தெட்டாம் தேதி வருமென்று
போன மாசம் சொல்லப்பட்டவன் ஆனேன்.
"பந்தியில இடம் பிடிச்சு வைங்க மாப்ள" என்று
சொல்லிவிட்டுப் போன மாமனார்
இன்னும் வராத மாப்பிள்ளை ஆனேன்.

மூன்றாம் நாள் கடலையும் எடுத்துவிட்டார்கள்.
நிலாவில் நான்.
இட்லிக் கொப்பரையில், ஐந்து இட்லிக்கு நடுவே
ஆறாவது குழியில் நான்.
மதுரை மேம்பாலத்தில் நட்ட நடுவே நான்,
லாரிகள் ஒதுங்கிப் போகின்றன.
'அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார்' பலகைக்குக் கீழே
அதிகாரியாகவே நான்.

எதிலும் முகம் கிடையாது. முதுகுதான்.
ஆனால் காரங்காட்டில் கைப்பிள்ளைக்கும் தெரியும்
அந்தப் பனியன் ஓட்டை செபமாலையுடையதென்று.
தொண்டி நண்டுக் கம்பெனியில் எடை போடுகிற பையன்
ஒரு செல்ஃபி கேட்டான்.
தலை சீவி, சிரித்த முகமாய் நின்றேன்.
"அண்ணே, திரும்புங்க" என்றான்.

ரொசாரியும் பேசினார், போனில்:
"ஏழு ரூவா வாடகை நாற்காலி அது.
இப்ப யாரையும் உக்கார விடறதில்ல,
கண்ணாடிப் பேப்பர் சுத்தி வச்சிருக்கேன்."

இதில் என்ன அதிசயம் என்று எனக்கு விளங்கவில்லை.
தெர்மாகோலில் ஏறி வலை பார்க்கப் போகிற ஊர் இது.
ஹெல்மெட் வைத்திருக்கிறோம், வள்ளத்தில் தண்ணீர் இறைக்க.
என் ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவு ஒரு பழைய பிரிட்ஜின் கதவு;
முட்டைக் குழிகளில் தூண்டில் முள் கிடக்கிறது.
கடல் மட்டும் என்ன?
சிங்களம் எழுதிய ஷாம்பு பாட்டில் அனுப்பும்,
பொம்மையின் கால் அனுப்பும்,
செருப்பு அனுப்பும், இடது காலுக்கு மட்டும்.
ஆறு சேர்ந்துவிட்டன.
யாருடையது, எங்கே கழன்றது என்பதை
ஒருநாளும் அனுப்பியதில்லை.

நடந்தது இதுதான்.
அன்று மச்சான் தஸ்நேவிஸின் மகளுக்குப் புதுநன்மை.
வீட்டில், பந்தலில், கோயில் வாசலில், அடுப்படியில்
சொந்தம், சொந்தத்தின் காது.
எங்களுக்கோ பதினெட்டாயிரம் பேச வேண்டியிருந்தது,
பங்கு போட்டு வாங்கிய எஞ்சின் கணக்கு.
நல்ல வத்தம். அரை மைல் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான்.
ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
இறங்கிப் போனோம்.

ஆளுக்கொரு.

எனக்கு இடப்பக்கம் இன்னொரு நாற்காலி இருந்தது.
புதுச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு
அதில் தஸ்நேவிஸ் இருந்தான்,
கையை நீட்டி நீட்டி என்னை ஏசிக்கொண்டு.
பிரிட்டோ வெட்டிவிட்டான்.
"ரெண்டு பேரு இருந்தா சிரிப்பு வராது மாமா.
ரெண்டு பேரு இருந்தா அது கூட்டம்."

கணக்கில் பாதி அங்கேயே தீர்ந்துபோனது.
மச்சான் இப்போது என்னோடு பேசாததற்குக்
காரணம் வேறு.
"எம்மக விசேசம். நான் எடுத்த நாற்காலி.
நாடே பாக்குது. அதுல நான் எங்கடா?"

அதிலிருந்து படம் எந்த ரூபத்தில் வந்தாலும்
விரலால் விரித்து இடது ஓரம் பார்க்கிறேன்.
நிலாவில் இல்லை.
கொப்பரையில் ஆவி மறைக்கிறது, இருந்தாலும் இல்லை.
மேம்பாலத்தில் எவனோ அவசரக்காரன்
சரியாக வெட்டாமல் விட்டிருக்கிறான்:
ஒரு மணல் லாரிக்கும் எனக்கும் இடையில்
அந்தரத்தில் ஒரு முழங்கை,
வெள்ளைச் சட்டை மடிப்போடு,
என்னைப் பார்த்து மடங்கி.

அதை மட்டும் வெட்டி மச்சானுக்கு அனுப்பினேன்.
வெறும் முழங்கை. ஒரு வார்த்தை எழுதவில்லை.

இரண்டு டிக்கும் நீலமாயின.
வெகுநேரம் 'தட்டச்சு செய்கிறார்' என்று காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.

"மீதி ஒம்பதாயிரம்?"